நிலத்திலிருந்து விலங்குக்கு: கற்பனை உலகுக்கு உயிரினம் படைக்கும் முறை

மாயக்கதை எழுத வரும் பலரும் விலங்கைப் படைக்கும்போது உருவத்திலிருந்து தொடங்குகிறார்கள். சிங்கத்தின் உடல், கழுகின் சிறகு, பாம்பின் வால் என்று உறுப்புகளைச் சேர்த்து, அதற்கு ஒரு பெயரும் சூட்டிவிட்டால் விலங்கு பிறந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கடலூர் முதுநகரில் குடியிருந்த நாட்களில் எழுதிய முதல் கதையில், ஒரு சிறு தீவில் யானை அளவுள்ள ஊனுண்ணிப் பறவைகள் நாற்பது வாழ்ந்தன. கையெழுத்துப் படியைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த என் மாமா கடலுக்குப் போகிறவர். அவர் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, இத்தனையும் தினம் எதைத் தின்னும்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போன இடத்தில்தான் இந்த முறையைக் கற்றுக்கொண்டேன்.

விடை நம் மொழியிலேயே இருந்தது. நம் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்கள். அந்த நிலத்தில் பிறக்கும் மாவையும் புள்ளையும் மரத்தையும் உணவையும் தொழிலையும் கருப்பொருள் என்றார்கள். மக்களின் மனவாழ்வை உரிப்பொருள் என்றார்கள். பள்ளியில் இதை நாம் பாட்டுக்கான இலக்கணமாக மட்டுமே படித்தோம். உயிரினம் படைப்பவருக்கோ இதைவிடச் சிறந்த வேலைத்திட்டம் கிடையாது. நிலமும் பொழுதும் முதலில் உறுதியாக வேண்டும். விலங்கு அதிலிருந்து முளைக்க வேண்டும். மனிதர்கள் அந்த விலங்கோடு எப்படி வாழ்கிறார்கள் என்பது அதற்குப் பிறகே வரவேண்டும். வரிசையை மாற்றினால் விலங்கு வெறும் பொம்மையாக நின்றுவிடும்.

முதலில் ஓர் இடத்தைப் பாருங்கள்

கற்பனை நிலத்தை எழுதுவதற்கு முன் உண்மையான ஒரு நிலத்தில் அரை நாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அதற்குப் பிச்சாவரம் போதும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தக் கழிக்காட்டுக்குத் தோணியில் போனால், நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சேற்றின்மேல் ஆயிரக்கணக்கான குச்சிகளாக நிமிர்ந்து நிற்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் மரம் தன் வேரையே மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. உப்பை அது இலைவழியே வெளியேற்றுகிறது. இலையை நாவில் வைத்தால் கரிக்கும். பக்கத்தில் நிற்கும் சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, ஈட்டிபோல் நீண்டு, பிறகே சேற்றில் விழுகிறது. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

ஒரே சேற்றில், ஒரே உப்பில், மூன்று மரங்கள் மூன்று விதமாக வாழ்கின்றன. விலங்குகளும் அப்படியே. சேற்றில் துள்ளித் திரியும் உளுவை இன மீன், செவுளறையில் நீரைத் தேக்கிக்கொண்டு, ஈரத்தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலிருந்து மூச்சை எடுக்கிறது. ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டிப் பெண்ணை அழைக்கும் சிறு நண்டு, நீர் வற்றியதும் வளையிலிருந்து வெளியே வந்து மேய்ந்துவிட்டு, நீர் ஏறுவதற்கு முன் வளையை மூடிக்கொள்கிறது. கடல்நீர் ஏறி வற்றும் ஓதமே இல்லாத தொட்டியில் கொண்டுபோய் வைத்தாலும் இத்தகைய நண்டுகள் சில நாட்களுக்கு ஓத நேரப்படியே இயங்கும் என்பது சோதித்து அறியப்பட்ட செய்தி.

இவற்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது, "பெருங்கொடுக்கு நண்டு" என்று உருவத்தை எழுதாதீர்கள். "நீர் வந்தால் எங்கே ஒளிவது?" என்று அந்த நண்டு விடை கண்ட கேள்வியை எழுதுங்கள். உப்பை என்ன செய்வது, மூச்சுக்கு என்ன செய்வது, குஞ்சை எங்கே வைப்பது, எதிரி எப்போது வருவான்? இந்த நான்கைந்து கேள்விகளும் உங்கள் கற்பனை உலகுக்கும் பொருந்தும். விடைகள் மட்டுமே மாறும்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

கற்பனை நிலத்துக்கு எல்லாவற்றையும் புதிதாகச் செய்யத் தேவையில்லை. தெரிந்த நிலத்தில் ஒரே ஒன்றை மாற்றி, அதன் விளைவுகளை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் போதும். நான் எடுத்துக்கொண்ட மாற்றம் ஓதத்தின் வேகம். நம் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஆறேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிமாறி நிகழ்கின்றன. என் உலகில் ஆறு நாள் ஏற்றம், ஆறு நாள் வற்றம். அதற்குக் காரணம் வேண்டும் அல்லவா? அவ்வுலகின் நிலவு, உலகம் சுழலும் வேகத்தை ஏறக்குறைய ஒட்டியே சுற்றிவருகிறது. ஆகவே அது வானில் மெல்ல ஊர்ந்து, பன்னிரண்டு நாள் தெரிந்து, பன்னிரண்டு நாள் மறைகிறது. அப்படிச் சுற்றும் நிலவு நம் நிலவைவிட மிக அருகில் இருந்தாக வேண்டும். அருகில் இருந்தால் பெரிதாகத் தெரியும். ஓதமும் உயரமாக எழும். கணக்கு இவ்வளவு போதும். கதையில் இதை யாரும் விளக்கப் போவதில்லை. எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் பிழை நேராது.

இப்போது அந்தக் கழிக்காட்டில் இலை தின்னும் ஒரு விலங்கு வாழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாள் தரையெல்லாம் சேறு, ஆறு நாள் மரத்தின் இடைவரை நீர். நீரில் ஆறு நாள் நீந்திக்கொண்டே இருக்க முடியாது. ஆகவே அது மரத்தில் ஏற வேண்டும். மொரோக்கோவில் ஆடுகள் ஆர்கன் மரத்தின் கிளைகளில் ஏறி மேய்வது உண்டு. குஜராத்தின் கச்சுப் பகுதியில் காராய் ஒட்டகங்கள் நீந்திப் போய் அலையாத்தி இலை தின்பதும் உண்டு. ஆகையால் இந்த எண்ணம் இயற்கைக்குப் புறம்பானது அன்று. இந்த விலங்குக்கு நான் கழிமா என்று பெயரிட்டேன்.

எடையும் காலும்

படைப்பவர்கள் மிகுதியும் தவறுவது அளவில். ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் அதன் எடை எட்டு மடங்காகும். ஆனால் எலும்பின் குறுக்குப் பரப்பும் பாதத்தின் பரப்பும் நான்கு மடங்கே ஆகும். இதை கலிலியோ 1638-லேயே எழுதிவைத்தார். சிலந்தியை வீடளவுக்குப் பெருக்கினால் கால் முறியும் என்பதும், பெரிய விலங்கின் எலும்பு மெல்லியதாக இருக்க முடியாது என்பதும் இதன் விளைவுகள்.

கழிமாவுக்கு 24 கிலோ எடையும், ஒரு பாதத்துக்கு 100 சதுர சென்டிமீட்டர் பரப்பும் வைத்தேன். நான்கு காலும் ஊன்றி நிற்கையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 கிராம் அழுத்தம். 60 கிலோ எடையுள்ள மனிதர் வெறுங்காலில் நிற்கும்போது, இரு பாதங்களின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அது 150 கிராம். அதனால்தான் நாம் புதைகிற சேற்றில் கழிமா நடக்கிறது. அதே விலங்கை இருமடங்கு பெரிதாக்கினால் எடை 192 கிலோ ஆகும், அழுத்தம் 120 கிராமுக்கு ஏறும். சேறும் தாங்காது, கிளையும் தாங்காது. பெரிதாக இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்ற என் ஆசையை இந்தக் கணக்கு ஒரே மாலையில் தீர்த்துவைத்தது.

கால்விரல்கள் நீண்டு விரிந்தால் சேற்றுக்கு நல்லது. தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கிளையைப் பற்றுவதற்குக் குறுகிய, வலுவான விரல் வேண்டும். இரண்டும் ஒரே பாதத்தில் முழுமையாக அமையாது. எனவே கழிமா சேற்றில் ஓரளவும் மரத்தில் ஓரளவும் திறமை உடையது. கெட்டித் தரையிலோ தடுமாறும். இந்தக் குறையை மறைக்காதீர்கள். எல்லாவற்றிலும் வல்ல விலங்கால் கதைக்குப் பயனில்லை. கழிமாவைப் பிடிக்க வருபவன் அதைச் சேற்றிலிருந்து கரைமேட்டுக்கு விரட்டப் பார்ப்பான் என்பது அந்தப் பாதத்திலிருந்தே கிடைத்த காட்சி.

பறக்கும் பெருவிலங்குகளைப் பற்றியும் ஒரு சொல். இதுவரை அறியப்பட்ட பறக்கும் உயிர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான குவெட்சல்கோட்லஸ் என்னும் தொல்லூர்வனத்துக்கு இறக்கை விரிவு ஏறத்தாழ 10 மீட்டர். எடை 200 கிலோவை ஒட்டியது என்பது பரவலான மதிப்பீடு. யானையைச் சுமந்து பறக்கும் பறவையை எழுத விரும்பினால், உங்கள் உலகின் காற்று அடர்த்தியானதா, ஈர்ப்பு குறைந்ததா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த முடிவு அங்குள்ள மழைத்துளி விழும் வேகத்தையும் மாற்றும்.

தீனிக் கணக்கு

இனி என் மாமாவின் கேள்விக்கு வருவோம். புல்லும் இலையும் சேர்த்துவைத்த ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அவற்றைத் தின்னும் விலங்கின் உடலாகிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் அதைக் கொன்று தின்னும் விலங்குக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஐம்பது மான் அளவுக்கு இரை வேண்டும் என்றும், அவ்வளவு இரையைக் குறைவில்லாமல் தர ஏறத்தாழ ஐந்நூறு விலங்குகள் மேயும் காடு வேண்டும் என்றும் கானுயிர் அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். நாற்பது பெரும்பறவைகளைச் சிறு தீவில் வைத்த என் பிழை இங்கே தெளிவாகத் தெரிகிறது. கொடிய விலங்கு அரிதாக இருந்தால்தான் உண்மையாக இருக்கும்; அரிதாக இருந்தால்தான் அதன் காலடித் தடத்தைக் கண்டவுடன் ஊர் நடுங்கும்.

எதிரியின் எண்ணிக்கையைக் கூட்ட ஒரு வழி உண்டு. வெப்பக்குருதி விலங்கைவிட முதலை போன்ற குளிர்க்குருதி விலங்குக்குத் தீனி மிகக் குறைவு. அது நெடுநாள் பசி பொறுக்கும். ஆறு நாள் வற்றத்தில் எதுவும் கிடைக்காமல் ஆழக்குழியில் கிடந்துவிட்டு, ஏற்றத்தோடு காட்டுக்குள் நுழையும் ஒரு பதுங்கு வேட்டையனுக்கு அதுவே பொருத்தம். சங்கப் பாடல் முதலை, இடங்கர், கராம் என்று மூன்றைப் பிரித்துச் சொல்கிறது. அவற்றுள் வழக்கொழிந்த கராம் என்ற சொல்லை என் வேட்டையனுக்கு எடுத்துக்கொண்டேன். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையின் முட்டைகளில் மணல் சூடானால் பெண்ணும், குளிர்ந்தால் ஆணும் மிகும். கராமுக்கும் மணல்மேட்டு முட்டையில் இதேபோன்ற விதியை வைத்தேன். தொடர்ந்து சில ஆண்டுகள் கோடை கடுமையானால் ஒரே பாலினக் கராம்களே பிறந்து, பின்னர் அவற்றின் கூட்டம் தேயும், கழிமா பெருகும், பெருகிய கழிமா இலையையெல்லாம் தின்று காட்டை மொட்டையாக்கும். ஒரு முட்டையின் சூட்டிலிருந்து ஒரு பஞ்சம்வரை கதை தானாகவே நீள்வதை நீங்களே பார்க்கலாம்.

உப்பு இலையைத் தின்னும் கழிமாவுக்கு உப்பை வெளியேற்ற வழி வேண்டும். கடலாமை கண்ணருகே உள்ள சுரப்பியால் உப்பை வெளியேற்றுகிறது. கடற்பறவைகளுக்கு அது மூக்குவழி. கழிமாவுக்குக் கண்ணின் கீழே சுரப்பி. வழிந்த நீர் காய்ந்து கன்னத்தில் வெண்கோடாகப் படியும். இதை நான் அழகுக்காக வரையவில்லை. உணவு கேட்டதால் வந்தது. ஆனால் முழு விலங்கிலும் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது இந்தக் கோட்டைத்தான்.

குட்டி எப்போது பிறக்க வேண்டும் என்பதும் நிலம் தரும் விடையே. ஏற்றத்தில் கிளையின்மேல் ஈன்றால் குட்டி நீரில் விழும். வற்றம் தொடங்கிய முதல் நாளில் ஈன்றால், ஏறப் பழகுவதற்கு ஆறு நாள் கிடைக்கும். ஆட்டுக்குட்டி பிறந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நிற்பதை வீட்டில் ஆடு வளர்த்தவர் அறிவர். ஆகவே ஆறு நாள் போதும். ஏழாம் நாள் ஏறத் தெரியாத குட்டிக்கு என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

உறவும் பெயரும்

எந்த விலங்கும் தனியே வானத்திலிருந்து இறங்குவதில்லை. நம் கையிலும் வௌவால் சிறகிலும் திமிங்கிலத் துடுப்பிலும் ஒரே எலும்பு வரிசை இருப்பது பொது மூதாதையின் தடம். நான்கு காலோடு இரண்டு சிறகும் கொண்ட விலங்கை எழுதினால், அவ்வுலகின் எலிக்கும் மனிதருக்கும்கூட ஆறு உறுப்புகள் ஏன் இல்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் குறைந்தது ஓர் உறவினரைப் படையுங்கள். கழிமாவின் மலை உறவினருக்குக் கன்னத்தில் உப்புக்கோடு இல்லை. சுரப்பி மட்டும் சுருங்கிக் கிடக்கிறது. மலையடிவாரத்தில் கல்லாகிப்போன அலையாத்தி மரங்களும் கிடக்கின்றன. அங்கே ஒருகாலத்தில் கடல் இருந்தது. புதுச்சேரிக்கு அருகே திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் என் உலகுக்கும் ஒரு பழமை வேண்டும் என்று தோன்றியது.

பெயரிடுவதற்கு அயல்மொழி ஒலிகளைக் கலைத்துப் போட்டு விசித்திரச் சொல் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களாக மட்டும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பதைத் தருகிறது. எந்தச் சொல் எந்த உயிருக்கு உரியது என்றும் அது வரையறுக்கிறது: பறப்பவற்றுக்கும் தவழ்பவற்றுக்கும் பார்ப்பும் பிள்ளையும், நாய்க்கும் புலிக்கும் குருளை, யானைக்குக் கன்று. ஆணுக்கு ஏற்றை, ஒருத்தல், கலை, கடுவன் என்றும், பெண்ணுக்குப் பிணை, பிணவு, பிடி, மந்தி என்றும் நீளும் பட்டியல் இன்னும் வளமானது. கழிமா ஏற்றை, கழிமாப் பிணை, கழிமாப் பறழ் என்று நான் எழுதியபோது, படித்தவர்கள் அதை நெடுநாள் பழகிய விலங்கைப்போல் ஏற்றுக்கொண்டார்கள். மேலும், பேசும் மனிதரைப் பொறுத்துப் பெயர் மாற வேண்டும். தோணிக்காரருக்கு அது "அழுமூஞ்சி", வேட்டையாடுபவருக்கு "மேலேறி", அரண்மனைப் புலவருக்கு மட்டுமே கழிமா.

மனிதரும் மாயமும்

உரிப்பொருள் இங்கே வருகிறது. மரக்காணம் பக்கம் உப்பளங்களில் மழைக்காலம் வந்தால் வேலை நின்றுவிடும் என்பது நமக்குத் தெரியும். என் உலகிலும் மழையில் பாத்திகள் கரையும். அப்போது கழிமா உரசிய மரப்பட்டைகளிலிருந்து உப்பைச் சுரண்டிச் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வற்றத்தின் முதல் நாளில் காட்டுக்குள் காலடி வைப்பதில்லை. ஈன்ற பிணை மிரண்டால் பறழை விட்டு ஓடிவிடும் என்பது காரணம். தலைமுறைகள் சென்றபின் காரணம் மறந்து, விலக்கு மட்டும் சடங்காக மிஞ்சுகிறது. வாழ்க்கைக்கும் விலங்குக்கும் இப்படி ஒரு முடிச்சாவது விழாவிட்டால், அந்த விலங்கைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம்.

மாயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் படைத்த விலங்குகளைப் பாருங்கள். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். சகோரம் நிலவொளியை உண்ணும். அசுணம் யாழிசைக்கு மயங்கி வந்து பறையொலியில் உயிர் விடும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வியப்புதான். அதனாலேயே அவை இத்தனை நூற்றாண்டு நினைவில் நிற்கின்றன. கோயில் தூணின் யாளியும் சிங்க முகத்தையும் துதிக்கையையும் வெறுமனே ஒட்டியதன்று. தூணின் பாரத்தைத் தாங்கி எழும் முயற்சி அதன் முதுகிலும் காலிலும் தெரிகிறது. ஆகவே ஒரு விலங்குக்கு ஒரு மாயம் போதும்; அந்த மாயத்துக்கும் விலை இருக்க வேண்டும். நெருப்பு உமிழ வேண்டுமானால், வயிற்றில் இரண்டு வேதிப்பொருள்களைத் தனியே வைத்து, வேண்டும்போது கலந்து, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் பீய்ச்சும் குண்டுவீச்சு வண்டை எண்ணிப் பாருங்கள்: சேமிப்பு தீர்ந்தால் அதற்கும் காத்திருப்பு உண்டு. கழிமாவுக்கு நான் கொடுத்த ஒரே வியப்பு, ஏற்றம் வருவதை ஒருநாள் முன்பே அறிவது. நண்டின் உடலுக்குள் ஓடும் ஓதக் கடிகாரத்தைச் சற்றே நீட்டியதுதான் அது. விலையும் உண்டு: நிலவு மறையும் பன்னிரண்டு நாளும் அது உறங்காது.

இவ்வளவையும் எழுதிவைத்த குறிப்பேட்டைக் கதைக்குள் கொட்டாதீர்கள். நாற்பது பக்கக் குறிப்பில் நான்கு வரி கதைக்குப் போனால் நிறைவு. என் கதையின் முதல் அத்தியாயத்தில் கராம் இல்லை, நிலவின் கணக்கு இல்லை, மலை உறவினர் இல்லை. உப்புக்காரச் சிறுமி ஒருத்தி விடியலில் கதவைத் திறக்கிறாள். வாசலுக்கு எதிரேயுள்ள மரத்தின் உச்சிக்கிளையில், வெண்கன்னத்தோடு, ஒரு கழிமாப் பிணை வற்றத்தின் ஐந்தாம் நாளிலேயே ஏறி அமர்ந்திருக்கிறது. அவள் தம்பியை எழுப்ப உள்ளே ஓடுகிறாள்.